99.9 சென்டிமீட்டர் மீன்கள்

என் மேஜை மேல் ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. மையில் ஒற்றிக் குத்தினால் ‘இருப்பதை வைத்துச் சமாளிக்கவும்’ என்று விழும். அதன் கீழே நான் ‘மா.ஓ.’ என்று சின்னதாகக் கையெழுத்துப் போடுவேன். மார்லிஸ் ஓக்லண்ட், ஆஸ்லெண்ட் ஏரி மீன்வள ஆய்வு நிலையத்தின் அலுவலக மேலாளர். வலை வேண்டும், கெட்டில் வேண்டும், முதுகு வலிக்காத நாற்காலி வேண்டும் என்று யார் எதைக் கேட்டாலும் மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும். பத்துத் தாள் வந்தால் ஒன்பதில் முத்திரை விழும். அறக்கட்டளைப் பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?

பத்தாவது தாள் வெர்னாவுடையது. ஒவ்வொரு ஜனவரியிலும் வரும். அவள் பயன்படுத்தும் புள்ளியியல் மென்பொருளுக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டும், பன்னிரண்டாயிரம் டாலர். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தக் கம்பெனியில் இருக்கும் வக்கீல்கள் எங்கள் ஊர் ஜனத்தொகையைவிட அதிகமாக இருக்கலாம். நாற்பது டாலர் சாமானுக்கு நாலு கேள்வி கேட்கிற நான், இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். கெட்டில் என்றால் எனக்கு விலை தெரியும். அந்த மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாது. தெரியாத சாமானுக்கு எப்படிப் பேரம் பேசுவது?

வெர்னா ஹால்வர்சன் எங்கள் புள்ளியியலாளர். இருபத்தொன்பது வருட சர்வீஸ். அதில் இருபத்திரண்டு வருடம் நானும் அவளும் ஒரே காரில் வேலைக்கு வருகிறோம். அந்த மென்பொருளில் பதினாலாயிரம் வரி எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு அரைப்புள்ளி வைக்க வேண்டுமாம், ஒன்று விட்டுப்போனால்கூட முழுதும் நின்றுவிடுமாம். “பதினாலாயிரம் அரைப்புள்ளி வச்சவ நான்” என்று சர்ச் மதியச் சாப்பாட்டில்கூடச் சொல்லியிருக்கிறாள். பாதிரியார் எதற்கென்று புரியாமல் ஆசீர்வதித்தார்.

போன இலையுதிர் காலத்தில் பாக்கூ லோர் வந்து சேர்ந்தாள். செயின்ட் பால் நகரத்தில் பிறந்து வளர்ந்த பெண், இருபத்தேழு வயது. வேலையின் பெயர் தரவு அறிவியலாளர். அவளுடைய கருவி பைத்தான் என்கிற நிரல்மொழி. ஒரு பைசா கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் அரைப்புள்ளி தேவையில்லை, ஆனால் வரி தொடங்கும்போது விடுகிற இடைவெளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கதை கந்தல். ஆக, ஒருத்திக்கு வரியின் வாலில் கண்டம், இன்னொருத்திக்குத் தலையில்.

முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

“வெர்னா, இந்தத் திரை ஏன் இப்படி இருக்கு? இது இன்னும் வேலை செய்யுதா?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து வேலை செய்யுது கண்ணு. உன்னோடது இலவசமாமே? இங்கெல்லாம் ஒரு சோஃபாவ ரோட்டோரத்துல வச்சு ‘இலவசம்’னு எழுதினா, உள்ள எலி இருக்குன்னு அர்த்தம்.”

“என் சோஃபா வருஷா வருஷம் ஜனவரில செத்துப் போறதில்லையே. உங்களோடது காசு கொடுத்தாத்தானே கண்ணத் திறக்குது?”

“உன்னோடது நேத்து பூரா கண்ணத் திறக்கலையே. என்னமோ ஒண்ணப் புதுப்பிச்சியாம், அதுல இன்னொண்ணு கோவிச்சுக்கிச்சாம். மாமியார் வீடா அது?”

இப்படியே மூன்று மாதம். நான் காபி குடித்துக்கொண்டு ரசித்தேன். எங்கள் ஊரில் ஜனவரியில் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

ரசனைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் இயக்குநர். டாக்டர் ஆல்ரிக் ஸ்டென்ருட் பெரிய மனிதர். எங்கள் ஏரியின் வால்ஐ மீன்கள் ஐம்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை என்று கண்டுபிடித்தவர் அவர். மற்ற ஏரிகளில் எழுபது, எழுபத்தைந்து வரை போகும் மீன் இங்கே மட்டும் ஐம்பத்தைந்தில் நின்றுவிடுகிறது. குளிர்ந்த ஆழம், அடிப்பாறை, ஏதோ ஒரு தாதுப்பொருள் என்று மூன்று காரணம் சொல்லி அதற்கு ‘ஆஸ்லெண்ட் குறுக்கம்’ என்று பெயர் வைத்தார். மாநாட்டில் கேடயம் கொடுத்தார்கள். கேடயம் அவர் அறைச் சுவரில் தொங்குகிறது.

ஊரில் கிளைடு நடத்தும் மதுக்கடைச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது. எழுபத்தாறு சென்டிமீட்டர் வால்ஐ, பாடம் செய்து பலகையில் அறைந்தது. எங்கள் ஏரியில் பிடித்ததாகக் கிளைடு சத்தியம் செய்வார். அதைப் பற்றி யாராவது கேட்டால் டாக்டர் புன்னகை செய்வார். “ஒரு மீன் புள்ளிவிவரம் ஆகாது. அதுவும் குடிகாரர் பிடிச்ச மீன்.”

அப்படிப்பட்ட டாக்டர் ஜனவரி மூன்றாம் வாரம் என் மேஜைக்கு வந்தார்.

“மார்லிஸ், ரெண்டு கருவிய வச்சுக்கிட்டு ஒரு நிலையம் நடத்த முடியாது. ஒண்ணுதான். உரிமம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணிடுவோம். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரும் போன வருஷத்து மீன் அளவுக் கோப்பக் கணக்குப் பண்ணிக் காட்டட்டும். யாரோட விடை சரியோ, அவங்க கருவி.”

“சரின்னு எப்படித் தெரியும் டாக்டர்?”

“என் கட்டுரையோட ஒத்துப் போகும்ல.”

அன்று மாலை காரில் வெர்னா வானொலியை அணைத்தாள். இது அபாய அறிகுறி. பிறகு கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது போச்சுன்னா நானும் போறேன் மார்லிஸ்.”

“எங்கடி போவ? ரெண்டு வருஷம் பொறுத்தா முழு பென்ஷன். இப்பப் போனா மூணுல ஒரு பங்கு போயிடும்.”

“போகட்டும். அறுபத்தொரு வயசுல அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டு ‘இந்த பட்டன அமுக்கவா கண்ணு’ன்னு கேக்க மாட்டேன்.”

சொன்னால் செய்கிறவள். சர்ச் பாடகர் குழுவில் ஒரு பாட்டைச் சுருதி இறக்கிப் பாடச் சொன்னார்கள் என்று 2009இல் வெளியே வந்தாள். இன்றுவரை கிறிஸ்துமஸுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை, மற்றவர்கள் பாடும்போது உதட்டை இறுக்கி உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் போய் ஆறு வருடம். வீட்டில் பூனை மட்டும்தான், அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை. இந்த வேலையை விட்டால் அவளுக்கு ஜனவரி எவ்வளவு நீளமாக இருக்கும்? அவள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் சரி. மேலாளருக்கும் காரில் துணைக்கு ஒரு ஆள் வேண்டுமே.

வெள்ளிக்கிழமை வெர்னா ஒரு தட்டு நிறைய அரிசிப்பொரி சாக்லேட் வில்லை செய்துகொண்டு வந்தாள். எதிரிக்கும் சேர்த்துத்தான். பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேரும் கூட்ட அறையில் கூடியபோது தட்டில் ஒரே ஒரு வில்லை மிச்சம். எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. டாக்டர் கத்தியால் பாதி வெட்டி எடுத்துக்கொண்டார். மிச்சப் பாதியில் நான் பாதி எடுத்தேன். பாக்கூ மீதியில் பாதி. “இப்படியே போனா இது முடியவே முடியாது. கணக்குப்படி” என்று சொல்லிக்கொண்டே வெர்னாவும் அதில் பாதி எடுத்தாள்.

முதலில் வெர்னா. நான்கு பக்க அச்சுத்தாளை எல்லோருக்கும் கொடுத்தாள்.

“ரெண்டாயிரம் மீன். சராசரி நீளம் நாற்பத்தொண்ணு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர். அதிகபட்சம் சரியா ஐம்பத்தஞ்சு. போன வருஷமும் இதே. அதுக்கு முந்தின வருஷமும் இதே. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு மயிரிழை மாறல.”

டாக்டர் முதல் பக்கத்தைத் தடவிக் கொடுத்தார். “ரொம்ப அழகு.”

அடுத்து பாக்கூ. சுவரில் வண்ணப் படம் விழுந்தது. இடது பக்கம் ஒரு குன்று மாதிரி இருந்தது, அதில் நாற்பது சென்டிமீட்டரைச் சுற்றி மீன்கள் குவிந்திருந்தன. பிறகு ஒரு பெரிய வெற்றிடம். வலது கோடியில், குன்றைவிட உயரமாக, தனியாக ஒரு கம்பம்.

“சராசரி ஐம்பது புள்ளி நாலு” என்றாள். குரல் கொஞ்சம் தயங்கியது. “இந்தக் கம்பம் எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்தது. முன்னூத்திப் பன்னிரண்டு மீன். எல்லாம் ஒரே நீளம். தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது.”

வெர்னா சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பச் சிரித்தாள்.

“ஒரு மீட்டர் வால்ஐ! முன்னூத்திப் பன்னிரண்டு! அளவெடுத்துத் தைச்ச மாதிரி! கண்ணு, அது மீன் இல்ல. மில்லிமீட்டர்ல ஒம்பது ஒம்பது ஒம்பதுன்னா அளக்கலன்னு அர்த்தம். படகுல அளக்க முடியலன்னா அப்படி எழுதுவாங்க. என் நிரல் அதத் தானா விட்டுரும்.”

“அது எங்க எழுதியிருக்கு?”

“இருநூத்திப் பன்னிரண்டாவது வரில.”

“உங்க நிரல்லயா? கோப்புல எங்கயும் இல்லையே.”

“வேற எங்க இருக்கணும்?”

டாக்டர் சுவரில் நின்ற கம்பத்தைப் பார்த்தார். “இது... வேற மாதிரி இருக்கு” என்றார். எங்கள் ஊரில் ஒரு மனிதர் வாயிலிருந்து இதைவிடக் கடுமையான வார்த்தை வராது. வீடு எரிந்தாலும், மாப்பிள்ளை மேடையிலிருந்து ஓடினாலும் இதுதான். மூன்று மாதத்தில் பாக்கூவுக்கும் அது தெரிந்திருந்தது. காது வரை சிவந்துபோனாள்.

முடிந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. உரிமத் தாளை எடுத்தேன், பேனா மூடியைக் கழற்றினேன். வெர்னா இருக்கப் போகிறாள், காரில் என் பக்கத்து இருக்கை காலியாகாது. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் அவளுக்கு இருபத்தேழு வயது, பாவம் தாங்குகிற வயது.

“ஒரு நிமிஷம்” என்றாள் பாக்கூ. படத்தை அணைக்காமல் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். “சரி, நான் முட்டாள்தான். ஆனா ரெண்டாயிரத்துல முன்னூத்திப் பன்னிரண்டு மீன ஏன் அளக்கல?”

“மழை, குளிர், மீன் துள்ளும். ஏதோ ஒண்ணு” என்றாள் வெர்னா.

“ஆறுல ஒண்ணா? உங்க மென்பொருள் அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“ஏன் சொல்லாது? நாலாவது பக்கத்துல, அடில சொல்லும்.”

யாரும் நாலாவது பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை. டாக்டர் திருப்பியதே இல்லை, அது முகத்தில் தெரிந்தது. வெர்னா மட்டும் மெதுவாகத் திருப்பினாள். அடியில், எறும்பு எழுத்தில், ‘விடுபட்டவை: 312’ என்று இருந்தது. பாவம், அந்த மென்பொருள் வருடா வருடம் வாங்கிய காசுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பாக்கூ மூன்று வரி தட்டினாள். “நீளம்தான் இல்ல. எடை இருக்கு, எல்லாத்துக்கும் எழுதியிருக்காங்க. இதோ பாருங்க. இந்த முன்னூத்திப் பன்னிரண்டுல ஒண்ணரை கிலோவுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல. எல்லாம் குண்டு மீன்.”

“அப்படி இருக்காது.”

“உங்களோடதுல போட்டுப் பாருங்க.”

வெர்னா தன் மடிக்கணினியை இழுத்தாள். ஐந்து வரி, ஐந்து அரைப்புள்ளி. விடை வந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக இரண்டு மென்பொருளும் ஒரே வார்த்தை பேசின. ஒன்றரை கிலோவுக்குக் கீழ் ஒன்றுகூட இல்லை.

வெர்னாவின் முகத்தில் சிரிப்பு இருந்த சுவடே இல்லை. “பெரிய மீன மட்டும் எப்படி அளக்க முடியாமப் போகும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து கோட்டை மாட்டினாள். “மெர்லக் கேப்போம்.”

டாக்டருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டதாம், அவர் வரவில்லை. மணி அடித்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் பனியில் நடந்து படகுக் கொட்டகைக்குப் போனோம்.

மெர்ல் கங்காஸ்தான் எங்கள் படகு, வலை, மீன் எல்லாம். முப்பது வருடமாக ஒவ்வொரு மீனையும் பிடித்து, அளந்து, எழுதி, திரும்ப ஏரியில் விடுகிறவர். ஒரு வருடத்தில் அவர் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

“மெர்ல், பெரிய மீனையெல்லாம் ஏன் ஒம்பது ஒம்பது ஒம்பதுன்னு எழுதறீங்க?” என்று வெர்னா கேட்டாள்.

மெர்ல் வலையைக் கீழே வைத்தார். சுவரில் ஆணியில் தொங்கிய அளவுப் பலகையை எடுத்தார். மீனை அதன் மேல் கிடத்தி, மூக்கு ஒரு முனையில் முட்ட, வால் எங்கே வருகிறதோ அந்தக் கோட்டைப் படிப்பார்கள். அந்தப் பலகை எண்பதில் முடிந்திருக்க வேண்டும். அது ஐம்பத்தைந்தில் முடிந்திருந்தது. முனை சில்லாகப் பிய்ந்து, மழுங்கிக் கறுத்துப் போயிருந்தது.

“தொண்ணூத்தேழுல மோட்டார் மேல விழுந்தது” என்றார்.

ஐம்பத்தைந்து. ஏரியின் குளிர்ந்த ஆழம், அடிப்பாறை, தாதுப்பொருள், எல்லாம் அந்தப் பலகையின் முனையில்தான் இருந்தன.

பாக்கூ முந்திக்கொண்டாள். “டேப் வச்சு அளந்திருக்கலாமே?”

“விதிமுறை நாலு. பலகையில் மட்டுமே அளக்கவும். டாக்டர் எழுதினது.”

“பலகைல கொள்ளாட்டி?”

“விதிமுறை அஞ்சு. அளக்க முடியாவிட்டால் ஒம்பது ஒம்பது ஒம்பது.” மெர்ல் வெர்னாவைப் பார்த்தார். “நீ எழுதினது.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பில் கைவைத்து நின்றேன், மேலாளர் அல்லவா. “இருபத்தேழு வருஷம், மெர்ல்! வாயிருக்குல்ல? வேற பலகை வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

மெர்ல் என்னை நிதானமாகப் பார்த்தார். குனிந்து, தூண்டில் பெட்டியைத் திறந்து, மேல் தட்டைத் தூக்கி, அடியிலிருந்து மூன்று மஞ்சள் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். 1997. 2003. 2011. மூன்றிலும் அதே கோணல் கையெழுத்தில் ‘அளவுப் பலகை 1. நாற்பது டாலர்.’ மூன்றின் மேலும் சாய்வாக, நல்ல அழுத்தமாக, ‘இருப்பதை வைத்துச் சமாளிக்கவும். மா.ஓ.’

“சமாளிச்சேன்” என்றார் மெர்ல்.

இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது. அவ்வளவு வெட்கம் என் ஆயுளில் நான் பட்டதில்லை. நாற்பது டாலரை மிச்சம் பிடித்தேன் என்று அந்த மூன்று வருடமும் ஆண்டறிக்கையில் எழுதியிருப்பேன். அதே வருடங்களில் அந்தப் பலகையின் அளவுகளைக் கணக்குப் போடப் பன்னிரண்டாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வெர்னா கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் உட்கார்ந்தாள். தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அப்போ இருபத்தேழு வருஷமா நான் மீனக் கணக்குப் பண்ணலடி மார்லிஸ்” என்றாள். “உன் முத்திரையத்தான் கணக்குப் பண்ணிட்டிருந்திருக்கேன்.”

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் மட்டும் என்ன? நாலாவது பக்கத்த ஒரு வருஷம் நின்னு படிச்சிருந்தா போதும். பெரிய மீன் ஒவ்வொண்ணையும் நான்தான் தூக்கிப் போட்டேன். ஏரியிலேயே நல்ல மீனுங்க. அந்த ஒத்த வரிக்கு அரைப்புள்ளி வேற வச்சேன், நல்லா அழகா.”

பாக்கூவுக்கு அன்று குத்திக்காட்ட நல்ல சந்தர்ப்பம். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவள் போய் வெர்னா பக்கத்தில் படகின் மேல் உட்கார்ந்தாள்.

“நீங்களாவது அளவு இல்லன்னு விட்டீங்க. நான் ஒரு மீட்டர் மீன் முன்னூறு இருக்குன்னு நம்பிப் படம் போட்டேன். எங்க அப்பா வாராவாரம் மீன் பிடிக்கப் போறவர். இது மட்டும் தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ளயே விட மாட்டார்.”

வெர்னாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு கேட்டாள். “எடை இருக்குல்ல? எடைய வச்சு நீளத்த மதிப்பிடலாம்.”

“போடலாம். போன வருஷத்துக்கு மட்டும் இல்ல, எல்லா வருஷத்துக்கும்.”

“இருபத்தேழு கோப்பு. எதுல சீக்கிரம் முடியும்? மழுப்பாமச் சொல்லு.”

“என்னோடதுல. எல்லாத்தையும் ஒரே நேரத்துல இழுத்துடலாம்.” பாக்கூ தலையைச் சொறிந்தாள். “ஆனா நான் பழைய கோப்பெல்லாம் திறந்து பாத்தேன் வெர்னா. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வரிசை. தொண்ணூத்தெட்டுல ஏழாவது கட்டம் எடையா, தண்ணியோட சூடா? எனக்கு ஒரு எழவும் புரியல. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லணும்.”

“தொண்ணூத்தெட்டுல ஏழாவது, படகுல எத்தனை பேருன்னு. எடை பதினொண்ணு” என்றாள் வெர்னா யோசிக்காமல். பிறகு பாக்கூவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “அப்போ நீதான் என் பக்கத்துல நின்னுக்கிட்டு ‘இது என்ன கட்டம்’னு கேப்ப.”

“தினமும்.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் டாக்டரிடம் சொன்னோம். நான்தான் சொன்னேன், பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, முத்திரை விவரத்தையும் மறைக்காமல். அவர் பலகையைப் பார்த்தார். பிய்ந்த முனையை விரலால் தடவினார். திறந்திருந்த கதவு வழியாகச் சுவரில் தொங்கிய கேடயத்தைப் பார்த்தார். கிளைடின் மீன் அவர் கண்முன் நீந்தியிருக்க வேண்டும்.

“இது...” என்றார் மிகவும் மெதுவாக. “வேற மாதிரி இருக்கு.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேடயத்தை ஆணியிலிருந்து கழற்றுகிற சத்தம் கேட்டது. மனிதர் நேர்மையானவர்தான், கொஞ்சம் சுற்றிவளைத்து வருவார்.

என் மேஜையில் உரிமத் தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வெர்னா அதைப் பார்த்தாள். பிறகு என் முத்திரையை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அதை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. மையில் நன்றாக ஒற்றி, உரிமத் தாளின் நட்ட நடுவில், இரண்டு கையாலும் குத்தினாள்.

‘இருப்பதை வைத்துச் சமாளிக்கவும்.’

“கையெழுத்துப் போடு” என்றாள்.

“அது போச்சுன்னா நீயும் போறேன்னு சொன்னியே.”

“இருபத்தேழு வருஷ மீனத் தொலைச்சுட்டு எங்கடி போறது? கண்டுபிடிச்சுட்டுத்தான் போவேன். ரெண்டு வருஷம் ஆகும். அந்தப் பொண்ணு வேகத்துக்கு ஒண்ணே முக்கால்.”

“அப்ப பதினாலாயிரம் அரைப்புள்ளி?”

“அதெல்லாம் பத்திரமா இருக்கட்டும். யாருக்காவது வேணும்னா இலவசமாக் குடுக்கறேன். ரோட்டோரத்துல வை.”

மா.ஓ. என்று போட்டேன். பிறகு புதிதாக ஒரு மஞ்சள் தாளை எடுத்தேன். நானே எழுதி நானே அனுமதிக்கிற முதல் தாள். ‘அளவுப் பலகை 1’ என்று எழுதி, நீளம் என்கிற இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

“எண்பது போதும்” என்றாள் வெர்னா.

“ஒரு மீட்டர் போடுங்க” என்றாள் பாக்கூ.

“எதுக்கு?”

“ஒருவேளை நிஜமாவே ஒண்ணு வந்தா?”

வெர்னா அவளை முறைத்துப் பார்த்தாள். “ஒரு மீட்டரே போடு மார்லிஸ். நம்ம கணக்கு நமக்கே தெரியாது.”

அப்போது மெர்ல் காபிக்காக உள்ளே வந்தார். கூட்ட அறை மேஜையில் தட்டு இன்னும் அப்படியே இருந்தது. காலையிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் பாதி பாதியாக வெட்டி, நடுவில் ஒரு பொட்டு மாதிரி மிச்சம் வைத்திருந்தோம். மெர்ல் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வேற இல்லையா?”

“இல்ல மெர்ல்” என்றேன்.

“சரி. இருக்கறத வச்சு சமாளிச்சுக்கறேன்” என்று சொல்லி அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

வெர்னாவும் பாக்கூவும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மஞ்சள் தாளை என் பக்கம் இழுத்து, எண்ணிக்கையில் ‘1’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘2’ என்று எழுதினேன்.